கொசுவை வென்ற ஈறு

“என் கை பட்ட இடத்துல ரத்தம் வராம போனதுன்னு சரித்திரமே கிடையாது.”

இப்படி முழங்கியவர் படைத்தளபதி அல்லர், கசாப்புக் கடைக்காரரும் அல்லர். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில், மாடிப்படிக்கு அடியில் பலகைத் தடுப்பு வைத்து உண்டாக்கிய அறையில், முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் கையிலிருந்து ரத்தம் எடுத்துக் குப்பியில் அடைத்து உள்ளே அனுப்பும் ஊழியர். முழங்கிய சந்தர்ப்பமும் லேசுப்பட்டதல்ல. நரம்பே அகப்படாத ஒரு பருத்த மனிதர், வேறு இடங்களில் குத்து மேல் குத்து வாங்கி, இரண்டு முழங்கைகளின் உள்பக்கமும் கன்றி ஊதாவாகி, கடைசிப் புகலிடமாக இங்கே வந்து சேர்ந்திருந்தார். நம்மவர் அந்தக் கையைத் தூங்கும் பூனையைத் தடவுவது போல இரண்டு விரலால் தடவினார். கண்ணை மூடினார். எங்கேயோ ஓர் இடத்தில் விரல் நின்றது. ஊசி இறங்கியது, குப்பி நிறைந்தது. பருத்தவர் கண் கலங்கிப் போனார். அப்போது திரையை விலக்கி, வெளியே பெஞ்சில் காத்திருந்த பொதுமக்களுக்கு அவர் விடுத்த பிரகடனம்தான் மேலே கண்டது.

“அண்ணா, அதைக் கொஞ்சம் மெதுவா சொல்லுங்க,” என்றாள் வரவேற்பு மேசைப் பெண். “ரெண்டு பேர் எழுந்து போயிட்டாங்க.”

அவருக்குப் பெயர் கொசு. பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு, அது சம்பளப் பட்டியலைத் தாண்டி வெளியே வந்ததில்லை. ஆளைப் பார்த்தால் யாருக்கும் கொசு ஞாபகம் வராது. கதவு நிலையில் தோளைச் சாய்த்துத்தான் நுழைவார், முக்காலி அவரைத் தாங்குவது ஒரு தனிச் சாதனை. ஊசியைக் கண்டாலே கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தும் ஒரு குழந்தை, எல்லாம் முடிந்து வெளியே வந்த பிறகு, “அம்மா, இங்க கொசு கடிக்குது” என்று புகார் சொன்னதாம். அன்றைக்கு ஒட்டிய பெயர். வேறொருவராக இருந்தால் மனம் நொந்திருப்பார். இவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

அந்தப் பட்டத்துக்குப் பின்னால் இரண்டு தொழில் ரகசியங்கள் இருந்தன. ஒன்று, ஊசி தோலைத் தொடும் கணத்தில் சம்பந்தா சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வியைப் போடுவார். மீனுக்குத் தும்மல் வந்தால் என்ன பண்ணும் என்பார். உங்கள் வீட்டுக் கடிகாரம் வலது கையா, இடது கையா என்பார். கேட்கப்பட்டவர் வாயைப் பிளந்து யோசித்து முடிப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். இரண்டாவது, பஞ்சை வைத்த பிறகு ஓதும் மந்திரம். “அழுத்திப் புடிங்க. தேய்க்காதீங்க.” தேய்த்தால் அடைபடும் துவாரம் திறந்துகொள்ளும், தோலுக்கடியில் ரத்தம் கட்டும். இந்த மந்திரத்தைச் சொல்லிச் சொல்லி, அது அவருக்கு மூச்சு மாதிரி ஆகிவிட்டது. அடிப்பிடித்த பாத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனைவியைக் கடந்து போகும்போதுகூட, “அழுத்திப் புடி, தேய்க்காதே” என்று சொல்லிவிட்டுப் போய், வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

மனைவி ஒரு பேக்கரியில் விற்பனை மேசைக்குப் பின்னால் நிற்பவள். ரொட்டியை விரலால் ஒரு தட்டுத் தட்டி, அது எப்போது அடுப்பை விட்டு வெளியே வந்தது என்று சொல்லக் கூடியவள். கணவரிடம் அவள் சண்டை போடுவதில்லை. கேள்வி கேட்பாள், அது சண்டையைவிட மோசம். இவர்களுக்கு மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரே மகள், பெயர் வாண்டு. அவள் வாய் அப்போது கட்டுமானப் பணி நடக்கும் தெரு மாதிரி இருந்தது. சில பற்கள் காலி செய்துகொண்டு போயிருந்தன, சில பாதி எழும்பியிருந்தன, கடைவாயில் புதிதாக ஒரு பெரிய பல் குடிவந்திருந்தது. அந்தத் தெருவிலிருந்து நாள் முழுக்கச் சிரிப்பு வந்துகொண்டே இருக்கும். சின்னச் சிரிப்பல்ல. பக்கத்து வீட்டுக்காரர் ‘கொஞ்சம் தணியட்டும்’ என்று சுவரைத் தட்டும் அளவுக்குப் பெரிய சிரிப்பு.

ஒரு நாள் காலை, வாண்டு பாதி தின்று வைத்த பன்னை மனைவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“என்னங்க, இங்க வாங்க. ஜாம் தடவாத பன்னுல ஜாம் இருக்கு.”

கடித்த இடத்தில் பிறை வடிவில் சிவப்பு. கொசு கைவிளக்கை எடுத்து வந்தார். மகளின் வாயைத் திறந்தார். கீழ்வரிசையில் இடப்பக்கம், புதுப் பல்லின் காலடியில், ஈறு சிவந்து உப்பியிருந்தது. ரத்தம் என்றால் ஊரே இவரிடம் வருகிறது. இங்கே ரத்தமே இவர் வீட்டைத் தேடி வந்திருக்கிறது. நிபுணருக்கு வேறென்ன வேண்டும்? பஞ்சைச் சுருட்டி ஈற்றோரம் வைத்தார்.

“அழுத்திப் புடி. தேய்க்காதே.”

ரத்தம் நின்றது. நின்றதும் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அன்றே வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. ரத்தம் வந்த பக்கம் இனிப் பிரஷ் போகக் கூடாது. புண்ணை அதன் பாட்டுக்கு விட்டால் தானாக மூடும், ஊரில் உள்ள கைகளெல்லாம் அப்படித்தான் மூடிக்கொள்கின்றன என்று அவர் விளக்கினார். கையால் யாரும் மெல்லுவதில்லையே என்று மனைவி கேட்டாள். நீ ரொட்டியைப் பார்த்துக்கொள், ரத்தத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் கொசு, பெருந்தன்மையாக.

மனித குலம் கண்ட சட்டங்களில் குழந்தைகளால் இவ்வளவு உற்சாகமாகப் பின்பற்றப்பட்டது வேறு இருக்காது. வாண்டுவின் பிரஷ், வலப்பக்கத்தில் கிளம்பி முன்பல் வரை வந்து, எல்லைச் சாவடியைக் கண்ட லாரி மாதிரி திரும்பிவிடும். சில நாளில் அதே பக்கத்து மேல்வரிசையிலும் லேசாகச் சிவப்பு தெரிந்தது. “இங்கயும் வருதுப்பா” என்றாள். சட்டம் மேலேயும் விரிவாக்கப்பட்டது. கடைசியில் இடப்பக்கம் பல் தேய்ப்பது என்பது, பிரஷை நனைத்து, அந்தப் பக்கத்துக்கு ஒருமுறை சுற்றிக்காட்டி, பழைய இடத்தில் வைக்கும் ஒரு மரியாதை நிகழ்ச்சியாக முடிந்தது.

சட்டம் சிறப்பாக நடந்தது, ஈறுதான் ஒத்துழைக்கவில்லை. பன்னில் பிறை தினமும் உதித்தது. தலையணை உறையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் விழுந்தன. பிரெட்டின் ஓரத்தைப் பிய்த்தெறிந்துவிட்டு நடுவில் உள்ள மெத்தை மட்டும் வாண்டுவுக்குப் போதும் என்று ஆயிற்று. அப்பாவின் காதில் ரகசியம் சொல்ல வந்தால், ரகசியத்துக்கு முன்னால் ஒரு வாடை வந்தது. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் தோழி, காற்று வரவில்லை என்று காரணம் சொல்லி ஜன்னல் பக்கம் குடிபெயர்ந்தாள். அதற்குப் பிறகு வாண்டு வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். பிறகு கைக்கும் வேலை இல்லாமல் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் வாசலில் நிறுத்தி, பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா, சுவரைத் தட்டி ரொம்ப நாளாகிறதே என்று விசாரித்தார்.

கொசுவுக்கு அன்றுதான் உதறல் எடுத்தது. அவருக்குத் தெரிந்த ரத்தக் கோளாறுகள் எல்லாம் வரிசையில் வந்து கண்முன் நின்றன. மகளை நிலையத்துக்கே அழைத்துப் போய் முக்காலிக்கு எதிரே உட்கார வைத்தார். வழக்கம் போலக் கேள்விக்கு வாயைத் திறந்தார்.

“மீன் கதையெல்லாம் வேணாம்,” என்றாள் வாண்டு. “குத்து.”

குத்தினார். முதல் குத்திலேயே வந்தது. எத்தனை விதமாகச் சோதிக்க முடியுமோ அத்தனை விதமாகவும் சோதிக்கச் சொல்லிவிட்டு, முடிவு வரும் வரை முக்காலிக்கும் இயந்திரத்துக்கும் இடையே நடந்து தரையைத் தேய்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. குறை சொல்ல ஓர் எழுத்துக் கிடையாது. வரவேற்பு மேசைப் பெண்ணிடம் ராஜ ரத்தம் என்று அறிவித்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடமும் அறிவித்தார்.

“ரத்தம் நல்லாருக்கு, சரி,” என்றாள் அவள். “அப்புறம் ஏங்க அது வெளிய வருது?”

மறுநாள் அவள் பேக்கரியில் விடுப்புச் சொல்லிவிட்டு வாண்டுவைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனாள். கொசுவும் கூடப் போனார். ஆலோசனை வழங்க யாராவது வேண்டாமா?

பல் டாக்டர் ஒல்லியான இளம்பெண். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவளுடைய சாய்வு நாற்காலியைக் கொசு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், தன் முக்காலியை நினைத்துக்கொண்டார், பொறாமையை விழுங்கிக்கொண்டார். வாண்டுவின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்து, இந்தப் பக்கம் கடைசியாக எப்போது தேய்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டாள்.

“அங்க தேய்க்கவே விடலை டாக்டர்,” என்றார் கொசு, தன் தொழிலையும் மந்திரத்தையும் எடுத்துச் சொல்லி, பாராட்டை எதிர்பார்த்து.

டாக்டர் ஒரு சின்னக் கிண்ணத்தில் எதையோ ஊற்றி, பஞ்சில் தோய்த்து, வாண்டுவின் பற்களில் தடவி, கொப்பளித்துத் துப்பச் சொன்னாள். “இப்ப ஈன்னு காட்டு.”

வாண்டு காட்டினாள். வாய் முழுக்கச் சிவப்பு.

ஊர் ரத்தத்தைக் குப்பி குப்பியாகக் கண்ட மனிதர், பின்னால் நாற்காலி இருப்பதாக நினைத்து உட்கார்ந்தார். நாற்காலி இல்லை. கட்டடம் ஒருமுறை அதிர்ந்தது.

“என்னங்க,” என்றாள் மனைவி, குனிந்து பார்த்து, “அது சாயம்.”

சாயம்தான். பல்லில் அழுக்குப் படிந்த இடத்தில் மட்டும் ஒட்டும் சாயம். டாக்டர் ஒரு கண்ணாடியை வாண்டுவின் கையில் கொடுத்தாள். தரையிலிருந்து எழுந்து வந்த கொசுவும் எட்டிப் பார்த்தார். வலப்பக்கப் பற்களில் அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி சிவப்பு. முன்பல்லைத் தாண்டி இடப்பக்கம் போனால், சுவருக்குப் பெயின்ட் அடித்த மாதிரி ஒரே சிவப்பு, அதுவும் ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் அப்பிக்கொண்டு. அவர் போட்ட சட்டத்தின் எல்லையை இவ்வளவு துல்லியமாக எந்த நில அளவையாளரும் வரைந்திருக்க முடியாது.

“கையில ரத்தம் வர்றது நீங்க குத்துறதால சார்,” என்றாள் டாக்டர். “இங்க யாரும் குத்தலை. அழுக்கு உக்காந்து உக்காந்து ஈறு வீங்கியிருக்கு. அதனால, ரத்தம் வர்ற இடத்துலதான் தேய்க்கணும்.”

“தேய்ச்சா இன்னும் வருமே.”

“முதல்ல வரும். வந்தாலும் நிறுத்தக் கூடாது. மெதுவா, தினமும் ரெண்டு வேளை. ஒண்ணு ரெண்டு வாரத்துல குறைஞ்சு நின்னுடும். நிக்கலைன்னா கூட்டிட்டு வாங்க, வேற என்னன்னு பாக்கலாம்.”

இந்த வயதில் விட்டதெல்லாம் பிடித்துவிடலாம், இப்படியே போனால்தான் தொந்தரவு என்றும் சொன்னாள். பல்லில் கெட்டியாகிப் போன அழுக்குக் காரையைத் தானே சுரண்டி எடுத்துவிட்டு, மற்றதை வீட்டாரிடம் ஒப்படைத்தாள். தலை சின்னதாக, மயிர் மெத்தென்று இருக்கும் பிரஷ். அதை ஈற்றோரம் சாய்த்து வைத்து, கிச்சுக்கிச்சு மூட்டுவது போல இம்மி இம்மியாக அசைக்க வேண்டும். குழந்தையின் கைக்கு அந்த நிதானம் இன்னும் வரவில்லை, அதனால் வீட்டில் பெரியவர் யாராவது செய்துவிட வேண்டும்.

“அவரே பண்ணுவாரு டாக்டர்,” என்றாள் மனைவி. “ஊர்லயே மெதுவான கை அவரோடதுதான்.”

இதில் பாராட்டு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று கொசு வழி நெடுக யோசித்தும் பிடிபடவில்லை.

மறுநாள் காலை. குளியலறை ஒருவர் நின்றால் நிறைந்துவிடும், அந்த ஒருவர் கொசுவாக இருந்தால் வழிந்துவிடும். வாண்டு அவருக்கு முன்னால் நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, அவர் தொப்பையில் வைத்துக்கொண்டாள். வாய் திறந்தது. பிரஷ் இறங்கியது. ஈற்றோரம் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. அவ்வளவுதான், ‘தேய்க்காதே’ என்ற மந்திரம் வாய் வரை வந்துவிட்டது. கை நின்றுவிட்டது. எத்தனையோ பேர் கையில் தயங்காமல் ஊசி இறக்கிய கை, ஒரு பிரஷை நகர்த்த மாட்டேன் என்றது. பிரஷ் புதுசு, பழகட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி வெளியே வந்துவிட்டார். மறுநாளும் பிரஷ் பழகவில்லை.

“ஊர்ல உள்ளவங்ககிட்டயெல்லாம் எடுக்கறீங்க,” என்றாள் மனைவி. “பெத்த பொண்ணுகிட்ட மட்டும் என்ன?”

“எடுக்கறது வேற. வர்றதைப் பாத்துக்கிட்டே தேய்க்கறது வேற.”

அவர் வாழ்க்கையிலேயே வீறாப்புக் கலக்காமல் சொன்ன ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். மனைவி மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை. குளியலறை வாசலிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கடுத்த நாள் வாண்டு தலையைச் சாய்த்து, தொப்பைக்கு மேலே தலைகீழாகத் தெரிந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் வேர்த்திருந்தது. உதட்டை அழுத்திக்கொண்டிருந்தார். முக்காலிக்கு எதிரே உட்காருகிறவர்கள் இப்படித்தான் இருப்பார்கள். அவளுக்கு அந்த முகம் தெரியும். பிரஷ் ஈற்றைத் தொட்ட கணத்தில், வாயைத் திறந்தபடியே, பாதிச் சொல் உளறலாகக் கேட்டாள்.

“அப்பா, மீனுக்குத் தும்மல் வந்தா என்ன பண்ணும்?”

இந்தக் கேள்வியை ஆயிரம் பேரிடம் கேட்டவர், ஒருவரிடமும் பதிலுக்குக் காத்திருந்தவர் இல்லை. பதில் என்னவென்று அவருக்கே தெரியாது. “தண்ணிக்குள்ளயே தும்மிட்டு,” என்று யோசித்தார், “பக்கத்து மீன்கிட்ட மன்னிப்புக் கேக்கும்.” சொல்லி முடித்தபோது கை தன் பாட்டுக்கு இம்மி இம்மியாக அசைந்துகொண்டிருந்தது. சிவப்பைக் கண்டு கை மறுபடி தயங்கிய இடத்தில், நம்ம வீட்டுக் கடிகாரம் எந்தக் கை என்று அடுத்த கேள்வி வந்தது. அது வலது கைதான், ஆனால் சோம்பேறி என்றார். இப்படியே கடைவாய் வந்துவிட்டது. வாண்டு தொட்டியில் துப்பினாள். நுரை நல்ல சிவப்பு. கொசு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“வலிக்கலை,” என்றாள் வாண்டு, துடைத்துக்கொண்டே. “கொசு கடிச்ச மாதிரிகூட இல்லை.”

தொழிலில் அவர் வாங்கிய நற்சான்றிதழ்களில் தலையாயது இதுதான்.

அதன் பிறகு அந்தக் குளியலறையில் காலையும் மாலையும் உலக விவகாரங்கள் அலசப்பட்டன. பழைய சட்டம் ரத்தானது. மேல்வரிசை, கீழ்வரிசை, முன்புறம், பின்புறம் எங்கும் எல்லைச் சாவடி கிடையாது. தொட்டியில் விழும் சிவப்பு இளஞ்சிவப்பானது. நிலையத்தில் மட்டும் ஒரு சின்னக் குழப்பம். ஒருவர் கையில் பஞ்சை வைத்து, வீட்டு ஞாபகத்தில், “ரத்தம் வந்தா பயப்படாதீங்க, நல்லாத் தேய்ங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். வரவேற்பு மேசைப் பெண் வாசல் வரை ஓடிப்போய் அந்த மனிதரைத் தடுத்தாள். அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று அன்று முழுக்க அவரைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுத் தரக்கட்டுப்பாடு மனைவியின் கையில் இருந்தது. வாண்டு கடித்து வைத்த ஒவ்வொரு பன்னையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறை தேய்ந்தது, கீற்றானது, ஒரு காலை அமாவாசை ஆயிற்று. அவள் பேக்கரியிலிருந்து அன்று, ஓரம் நன்றாக முறுகிய ரொட்டியாகத் தேடி எடுத்து வந்தாள். வாண்டு அந்த ஓரத்தை இடப்பக்கம் போட்டு நறுக்கென்று கடித்தாள். பள்ளியில் ஜன்னல் பக்கத் தோழிக்கு அங்கே வெயில் அடிக்கிறதாம், பழைய இடத்துக்கே வந்துவிட்டாள். வந்த அன்று இருவரும் எதையோ பேசி, அதை வாண்டு வீட்டில் வந்து நடித்துக் காட்டும்போது, வாயை மூட மறந்து சிரித்தாள். கட்டுமானப் பணி முடியாத அந்தத் தெரு முழுக்க விளக்கெரிந்தது. சுவரில் டொக் டொக்கென்று தட்டும் சத்தம் கேட்டது. கொசுவும் இந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்கு இரண்டு தட்டுத் தட்டினார்.

அதற்குப் பிந்திய ஒரு காலை. வழக்கம் போல வாண்டுவின் தலை தொப்பையில் சாய்ந்திருந்தது. கேள்வி எதுவும் கேட்கப்படவில்லை, தேவைப்படவுமில்லை. கொசு கீழ்வரிசை இடப்பக்கம், புதுப் பல்லின் காலடியில் பிரஷைச் சாய்த்து வைத்து, அவசரமில்லாமல் தேய்த்தார். அவள் துப்பினாள். நுரை வெள்ளையாக வழுக்கிக்கொண்டு ஓடியது. கைவிளக்கை எடுத்து வந்து பார்த்தார். ஈறு பல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வெளிர் ரோஜா நிறத்தில், ஒன்றும் அறியாதது போல இருந்தது. விரல் நுனியால் மெல்ல அழுத்தினார். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

“வரலையாப்பா?”

அவர் பிரஷை இன்னொரு முறை நனைத்தார். அதே இடத்தில், அதே கையால், மறுபடியும் தேய்த்துப் பார்த்தார்.

வரவில்லை.